மடியில் பையோடு ஒரு நிழல்

“என் குரலை எடுத்துட்டுப் போய் எவகிட்டடி பேச வெச்சே?” என்று கண்ணாடிக்காரியின் அம்மா கத்திய கத்தலில் மாடிப்படி விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. “மெதுவா பேசுங்க சித்தி, எல்லார் காதும் இங்கதான் இருக்கு” என்றாள் மகள். அதுவும் உண்மைதான். நமக்கெதற்கு வம்பு என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது மாடி மொத்தமும் கதவைத் திறந்து வைத்திருந்தது. சில மாதங்களாகவே வியாழக்கிழமை மாலையானால் அந்த அம்மாளுக்குக் குரல் போய்விடும். தொண்டைவலி, காய்ச்சல் எதுவும் கிடையாது. பேசிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நிற்கும். ஒரு மணி நேரம் கழித்து மிச்சப் பாதி தானாக வந்து சேரும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்த நேரத்தில் குழந்தைகளைத் தூங்கவைக்கப் பழகியிருந்தார்கள். அன்றைக்கு மட்டும் குரல் கரகரவென்று, அழுது தீர்த்ததுபோல் திரும்பி வந்தது. அந்த அம்மாளோ ஒரு சொட்டு அழவில்லை. அதனால்தான் குரல் எங்கே போய் வருகிறது என்று, வியாழன்தோறும் அதே நேரத்தில் வெளியே போய்வரும் மகளைப் பிடித்துக்கொண்டாள்.

பெற்றவளை ஒருத்தி சித்தி என்று கூப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அப்பா இறந்த வருடம், ஒன்பது வயதுப் பெண்ணைப் பெரியம்மா வீட்டில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, மடியில் துணிப்பையைக் கொடுத்து, “சாயங்காலம் வந்துடறேன்” என்று சொல்லிப் போனாள் அம்மா. அந்தச் சாயங்காலம் வர மூன்று வருடம் பிடித்தது. இடையில் அவள் லாரி எடைமேடையில் வேலை பார்க்கும் ஒருவரை, தனக்குக் குழந்தை இல்லை என்று சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டாள். பெரியம்மா கண்ணை மூடியதும் வேறு வழியில்லாமல் பெண்ணை அழைத்து வந்தவள், புது வீட்டு அழைப்பு மணியை அழுத்தும் முன் குனிந்து, இனிமேல் சித்தி என்று கூப்பிடு, கொஞ்ச நாளைக்குத்தான் என்றாள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. பெண் வளர்ந்தாள், நிழல் வளரவில்லை. நின்றாலும் நடந்தாலும் அவள் காலடியில் விழுந்தது, மடியில் பையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமியின் நிழல். அவளைப் பிடித்துப்போய்ப் பெண் கேட்டு வீடு வரைக்கும் வந்த இரண்டு பேரிடம், பல்பு சரியில்லை என்று அம்மா சமாளித்தாள். அவர்கள் வெயிலிலும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனவர்கள்தான், திரும்பி வரவில்லை.

கண்ணாடிக் கடை வேலையில் மட்டும் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. ஜன்னல் கண்ணாடியில் வைரமுனையால் ஒரே கோடு, ஒரே தட்டு, சுத்தமாக இரண்டாகும். ஆனால் வாடிக்கையாளர் யாராவது “சாயங்காலம் வந்துடறேன்” என்று சொல்லிக் கிளம்பினால் கையிலிருக்கும் கண்ணாடி தாறுமாறாக வெடிக்கும். அந்த ஊரில் சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லாத வாடிக்கையாளர் கிடையாது. கடைசியில் முதலாளிதான், இப்படியே போனால் கடையைக் கூட்டி அள்ளத்தான் நேரம் இருக்கும், யாரையாவது போய்ப் பார் என்று, டயர் கடை மாடியில் இருந்த மன ஆலோசகரிடம் வியாழன்தோறும் மாலையில் அனுப்பினார். அந்த அறையில் எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். நடுவில் பக்கவாட்டாக உட்கார்ந்துகொண்டு, காலி நாற்காலியோடு ஆட்களைப் பேசவைப்பதால் ஆலோசகருக்கு நாற்காலியம்மா என்றே பேராகிவிட்டது.

காலி நாற்காலியில் அம்மா இருப்பதாக நினைத்துப் பேசுங்கள் என்றதும், முதல் சில வாரங்கள் அவள் வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல் மரியாதையாகப் பேசினாள். எங்கள் வேலையில் ஒரு கோட்டின் மேல் இரண்டாம் முறை வைரம் வைக்கமாட்டோம், கண்ணாடி வீணாகிவிடும் என்று தயங்கினாள். “நீங்க கண்ணாடி இல்லையேம்மா” என்றாள் நாற்காலியம்மா. கோபம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று கேட்டபோது, பை மாட்டும் தோளில் என்றாள். பிறகு நாற்காலியம்மா அவளையே எழுந்துபோய் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து, அம்மாவாகப் பதில் சொல்லச் சொன்னாள். உட்கார்ந்ததும் அவள் வாயில் வந்தது அம்மாவின் அசல் குரல். சூழ்நிலை அப்படி, கைம்பெண்ணை யார் கட்டுவார்கள், மறந்தே போனேன் என்று வாரக்கணக்கில் சாக்கு சொல்லிக்கொண்டிருந்த அந்தக் குரல், சண்டை நடந்த அன்று மாலை திடீரென்று உடைந்தது. “மறக்கல. தினமும் சாயங்காலம் ஞாபகம் வந்துச்சு. தெரிஞ்சேதான் வரல.”

மாடிப்படியில் மகள் அதைத்தான் திருப்பிச் சொன்னாள். சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே வந்த எடைமேடைக்காரர் அம்மாவிடம் நிதானமாகச் சொன்னார்: “அவ உன் பொண்ணுன்னு எனக்கு முதல் நாளே தெரியும். வண்டி நிக்கிறதப் பாத்தே உள்ள என்ன இருக்குன்னு சொல்றவன் நான். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்.” அவருக்குத் தெரிந்துவிடக்கூடாதே என்றுதான் மகள் தூக்கத்தில்கூட வாய் தவறாமல் இத்தனை வருடம் சித்தி என்றிருந்தாள். என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு, குடும்பம் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது என்றார். “யாரோட நிம்மதி, சித்தப்பா?” அவள் சுற்றிலும் பார்த்தாள். மூன்றாவது மாடிக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அந்த வீட்டுக்காரர்களுக்கும் தெரியும். அவள் அம்மாவிடம் திரும்பி, ஒரே ஒரு தடவை, என் பொண்ணு என்று சொல்லுங்கள் என்றாள். அம்மாவுக்கு அப்போது குரல் முழுசாகத் திரும்பியிருந்தது. “அதான் எல்லாருக்கும் தெரியுதே, அதை வாய் விட்டு வேற சொல்லணுமா?” என்று உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வியாழன் கண்ணாடிக்காரி அம்மாவின் நாற்காலிப் பக்கம் போகவில்லை. காலடியில் கிடந்த நிழல்தான் நகர்ந்து அதில் ஏறி, பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. நாற்காலியம்மா ஆச்சரியப்படவில்லை, மின்விசிறியை மட்டும் குறைத்தாள். நிழலைக் காட்டி, இவளுக்கு என்ன வேண்டியிருந்தது என்று கேட்டாள். யாராவது வந்து கூட்டிப்போக வேண்டியிருந்தது என்றாள் கண்ணாடிக்காரி. அப்புறம் நாற்காலி முன்னால் முட்டிபோட்டு, “அவ வரமாட்டா. நம்பினது உன் தப்பு இல்ல. நான் வந்திருக்கேன், எழுந்திரு” என்றாள். ஒன்பது வயதில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். கீழே டயர் கடைக்காரர் காற்றடிக்கும் மோட்டாரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். நிழல் எழுந்தது, சோம்பல் முறித்தது, அவள் உயரத்துக்கு நீண்டு அவளோடு படியிறங்கியது. பையின் நிழல் மட்டும் நாற்காலியிலேயே தங்கிவிட்டது. துடைத்துப் பார்த்தும் போகாததால், வருகிறவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருகிறார்கள்.

அந்த மாதமே அவள் கண்ணாடிக் கடைக்கு மேலிருந்த அறைக்குக் குடிபோனாள். மறு வருடம், ஜன்னல் சட்டம் அடிக்கும் தச்சனைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். அதற்கு முன், கல்யாணத்துக்குச் சாயங்காலம் வந்துடறேன் என்று அம்மா சித்தப்பாவிடம் சொல்லியனுப்பியபோது அவள் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தாள்; கோடு பிசகாமல் இரண்டானது. கையெழுத்து காலையிலேயே முடிந்தது. அம்மா சொன்னபடி சாயங்காலம் வந்தாள், அலுவலகம் பூட்டியிருந்தது. வாசல் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாளாம். அவளுடைய நிழல் இன்னமும் அங்கேதான் இருக்கிறது. கூட்டுகிறவர்கள் அதைச் சுற்றிக் கூட்டுகிறார்கள்.