டீ வராத ஞாயிற்றுக்கிழமை

அன்று மழை தூறியதாகத்தான் எனக்கு நினைவு. பக்கத்துவீட்டுப் பிச்சையம்மாள் இல்லை என்கிறார், நல்ல வெயிலாம். அவர் சொல்வதே சரியாக இருக்க வேண்டும். ஈரத் தெருவில் காளிராஜ் அண்ணாச்சியை யாரும் இறங்க விட்டிருக்க மாட்டோம்.

அண்ணாச்சி ராஜபாளையத்தில் மில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. எனக்கு எதிர்வீடு. இடுப்பெலும்பு முறிந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியிருந்தார். ஓசூரிலிருந்து மகன் விமல் வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்பா தானாக நடமாடாவிட்டால் தன்னோடு கூட்டிப்போய்விடுவதாகச் சொன்னான்.

“நாலாவது மாடி. சன்னலத் தொறந்தா இன்னொரு சன்னல். நான் வரலப்பா” என்றார் அண்ணாச்சி.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ் பிரிஸ்கில்லா, வாக்கரைப் பிடித்துத் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். எங்கள் தெரு விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனிதரைக் கட்டிலை விட்டு இறங்கவிட்டால் தெருவுக்கே மரியாதைக் குறைவு. பிச்சையம்மாள் சூப்பு கொண்டுவந்தார். யாரோ பால்கோவா. நான் தெருமுக்கிலுள்ள ஐயாதுரை கடையிலிருந்து இருவேளையும் பிளாஸ்கில் டீ. அண்ணாச்சி மறுவீட்டு மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தார். வாக்கரில் துண்டு காய்ந்தது.

சனிக்கிழமை வந்த பிரிஸ்கில்லா அந்தத் துண்டைப் பார்த்தார். என்னை வெளியே அழைத்தார்.

“தெருவே சேந்து அவர ஓசூருக்கு ஏத்திவிடப் பாக்கீங்களா? கால்ல தெம்பு இருக்கு, நடக்கத்தான் வேலையில்ல. நாளைக்கு டீ கொண்டு போகாதீங்க. ஏன்னு கேட்டா பேசாம இருங்க. அது உங்களுக்கு நல்லா வருமே.”

மறுநாள் வெறுங்கையோடு போய் உட்கார்ந்தேன்.

“டீ எங்கலே?”

நான் பேசவில்லை.

“கட லீவா?”

பேசவில்லை. என் மௌனம் ஒருவருக்குப் பயன்பட்டது அன்றுதான்.

“ஐயாதுரகூடச் சண்டையா? ஒனக்குச் சண்ட போடவும் வாய் வராதே.”

முக்கிலிருந்து வடை வாசனை வந்தது. அண்ணாச்சி வாக்கரிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். விமல் பிடிக்க ஓடிவந்தான்.

“தள்ளுப்பா. வழிய மறைக்காத.”

நடந்தார். நின்று மூச்சு வாங்கினார். மறுபடி நடந்தார். தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. பிச்சையம்மாள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

“செத்த நேரம் உக்காருங்க அண்ணாச்சி.”

“நீ உக்காரு தாயி. நான் டீ குடிக்கப் போறேன்.”

ஐயாதுரை நிமிர்ந்து பார்த்தார். “வாங்க அண்ணாச்சி. பார்சலா?”

“இங்கதான். பிளாஸ்க்ல வந்ததெல்லாம் டீயா வே?”

விமல் தானும் ஒரு டீ வாங்கி, பாதி குடித்தபின் கேட்டான்: “விருந்தாளியாவாவது ஒருதடவ வருவீகளாப்பா?”

“லிஃப்ட் இருக்கா?”

விமல் அன்று சாயங்காலமே தனியாக ஓசூர் பஸ் ஏறினான். அண்ணாச்சி இப்போது கைத்தடியோடு நடக்கிறார். பொங்கலுக்குப் பிறகு ஓசூர் போய்விட்டுத் திரும்பியும் வந்துவிட்டார். வாக்கரைப் பிரிஸ்கில்லா மம்சாபுரத்தில் வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறார். பிச்சையம்மாளின் சூப்பு நிற்கவில்லை. அண்ணாச்சி அவர் வீட்டுக்கே போய்க் குடிக்கிறார். ஐயாதுரை தன் கடையில் அவருக்கென்றே கைவைத்த நாற்காலி ஒன்று போட்டிருக்கிறார். பக்கத்து பெஞ்சில் நான் உட்காருகிறேன். அவர் பேசுகிறார்.