மூன்றாம் வீட்டில் குடியிருந்தது

உப்பளத் தொழிலாளர் குடியிருப்பின் மூன்றாவது வீட்டில் ஒரு வதந்தி குடியிருந்தது. வந்து ஆறு மாதம் ஆகிறது. தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு வரிசையில் நிற்கும். தாய்மார் உப்பு வாரப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும். அதன்மேல் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

கிராம சுகாதாரச் செவிலியர் பிலோமினா வைட்டமின் ஏ மருந்தோடு காலை பத்து மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கினாள். பட்டியலில் இருபத்தாறு பிள்ளைகள். அங்கன்வாடி வாசலில் வதந்தி மட்டும் உட்கார்ந்திருந்தது.

"அம்மாமாரு எல்லாம் உப்புப் பாத்தியில நிக்காவ. ரெண்டு மணிக்குத்தான் வருவாவ," என்றது. "வந்தாலும் குடுக்க விடமாட்டாவ. குடிச்சா கண்ணு அவிஞ்சிரும்னு நான் சொல்லியிருக்கேன்."

சொல்லிவிட்டு அவளுக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது.

பிலோமினா இரண்டு மணிவரை காத்திருந்தாள். முதலில் வந்தவள் இசக்கியம்மாள். அவளுடைய மூன்று வயது மகள் முத்துப்பிரியா வெளிச்சம் குறைந்த அறைக்குள் நுழைந்ததும் சுவரைத் தடவித் தடவி நடந்தாள்.

"பொழுது சாஞ்சா இவளுக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்கு, சிஸ்டர்."

பிலோமினா பிள்ளையின் இமையை விலக்கிப் பார்த்தாள். "அதுக்குத்தாம்மா இந்த மருந்து," என்றாள். இசக்கியம்மாள் வதந்தியைப் பார்த்தாள்.

"போன தடவை குடிச்ச அன்னைக்கு இந்தப் பிள்ளை ரெண்டு வாட்டி வாந்தி எடுத்தா," என்றது வதந்தி. "நீங்க ஜீப்புல ஏறிப் போயிட்டிய. ஏன்னு சொல்ல இங்க ஆள் இல்ல. அப்பதான் நான் வந்தேன்."

அது பொய் சொல்லவில்லை. போன தடவை வந்த அன்று மதியத்துக்குள் பிலோமினா இன்னும் இரண்டு ஊர் முடிக்க வேண்டியிருந்தது.

"சில பிள்ளைங்களுக்கு வாந்தி வரும். ஒரு நாள்ல சரியாயிடும். அதைச் சொல்லாமப் போனது என் தப்பு," என்றாள் பிலோமினா.

அதுவரை வாசல் நிலை உயரம் இருந்த வதந்தி அவள் தோளளவுக்குக் குறைந்தது. தொளதொளத்த சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டது.

அவள் ஜீப்பைத் திருப்பி அனுப்பினாள். தங்க வேறு இடம் இல்லாததால் வதந்தியின் வீட்டிலேயே தங்கினாள். முத்துப்பிரியா மருந்து குடித்து, சாயங்காலம் ஒருமுறை வாந்தி எடுத்தாள். பிலோமினா தலையைப் பிடித்துக்கொள்ள, வதந்தி சட்டியை ஏந்தி நின்றது. காலையில் பிள்ளை எழுந்து சோறு கேட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் நின்று அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்தார்கள். பிறகு மகளையும் தாயையும் பிலோமினா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வந்தாள்.

அன்று மதியம் எட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். மூன்றாம் நாள் மிச்சம் பேரும் வந்தார்கள். அதற்குள் இன்னும் குறைந்துபோன வதந்தியால் குடத்தைத் தூக்க முடியவில்லை. பிறகு நடக்கவும் முடியவில்லை.

வரிசையின் கடைசியில் இசக்கியம்மாள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்கும் ஊத்திருங்க, சிஸ்டர்."

பிலோமினா பட்டியலில் இருபத்தேழாவது வரி போட்டாள். "ஒரு வயசு நிறைஞ்சிட்டா?"

"இன்னும் இல்ல."

அந்த வயதுக்கு உள்ள அரைக் கரண்டி அளந்து ஊற்றினாள். வாயைத் துடைத்துவிட்டாள்.

"வாந்தி எடுத்தா பயப்படாதீங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி தூக்கிட்டு வாங்க."