சமுத்திரத்தைத் துரோகியாக்கினேன்

பிள்ளைகளுக்குச் சரித்திரக் கதை எழுதுகிறவர் என்று தேவஇரக்கம் வாத்தியாருக்கு, அதாவது எனக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் கொஞ்சம் பெயர் உண்டு. ஏழு புத்தகம் போட்டாயிற்று. எழுதிய கையைப் பார்க்கவே இப்போது கூசுகிறது.

நாலாவது புத்தகத்துக்காக 1938-இல் கூமாப்பட்டிக்குப் போனேன். சங்கிலிப்பாண்டி என்ற சம்சாரி வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். அவருடைய பூட்டன் சமுத்திரம், வெள்ளைக்காரன் படை வந்தபோது பாளையக் கோட்டையின் கதவைக் காத்துச் செத்தவராம். அவருக்குக் கல் நட்டு, பங்குனிதோறும் கிடா வெட்டிப் படைக்கிறார்கள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு, கோழிக் குழம்பையும் ஒரு கை பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

எழுத உட்கார்ந்தால் கதை நொண்டியது. கோட்டை விழ வேண்டும். யாராவது காட்டிக்கொடுத்தால்தானே பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு படிக்கும்? துரோகிக்கு ஒரு பெயர் வைக்க எனக்குத் துப்பில்லையா என்ன? சோம்பல், வேறொன்றும் இல்லை. நோட்டில் இருந்த சமுத்திரத்தையே எடுத்து, ஊர்ப்பெயரோடு, கதவைத் திறந்துவிட வைத்தேன். புத்தகம் ராஜபாளையத்தில் அச்சானது. பள்ளிக்கூடங்களில் வாசித்தார்கள். மாலை போட்டார்கள், வெட்கமில்லாமல் கழுத்தை நீட்டினேன்.

மூன்று வருஷம் கழித்து சங்கிலிப்பாண்டி என் வாசலில் வந்து நின்றார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பணிவாகப் பேசினார். ஊர்ச் சாவடியில் யாரோ புத்தகத்தைப் படித்துக் காட்டினார்களாம். சொந்தபந்தமெல்லாம் கூடிப் பேசிக் கல்லைப் பிடுங்கிக் கண்மாயில் போட்டுவிட்டார்களாம். என்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாராம்: பூட்டன் சங்கதி தெரியாமல், துரோகி வீட்டுச் சோற்றை எனக்குப் போட்டுவிட்டாராம்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "அம்புட்டும் பொய், சங்கிலிப்பாண்டி. நான் இட்டுக்கட்டுனது. உங்க பூட்டனாரு நீங்க சொன்ன மாதிரிதான் செத்தாரு" என்றேன். உள்ளே ஓடி வேதப்புத்தகத்தை எடுத்துவந்து, அதன்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

அவர் என் கையைப் பிடித்து, மெதுவாக அதிலிருந்து எடுத்துவிட்டார்.

"எங்க மனசு ஆறணும்னு நீங்க பொய்ச்சத்தியம் பண்ணாதிய, சார்வாள். அச்சுலயே வந்துருச்சு. நாங்க தாங்கிக்கிடுவோம்."

எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு ஊருக்குப் புறப்பட்டுப் போனார்.