ரசூல் பாய் சூளை சொல்வதில்லை

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் பீங்கான் கடை வைத்திருக்கும் ரசூல் பாயிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஜாடி எந்தச் சூளையில் வெந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் டீ வரும், பதில் வராது. சூளை தெரிந்த வியாபாரி அடுத்த வாரமே கடையைத் தாண்டி நேரே அங்கே போய்விடுவான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவரே அப்படித்தான் தொழிலுக்கு வந்தார்.

அதனால் ஒவ்வொரு சூளைக்கும் ஒரு குறி. ஜாடியின் அடியில் மீன், குடை, சாவி என்று பெயிண்டில் சின்னப் படம். விரிசல் விட்ட ஜாடி திரும்பி வந்தால் எந்தச் சூளைச் சரக்கு என்று பாய்க்குப் புரியும். மற்றவர்களுக்கு அது வெறும் மீன். நோன்புப் பெருநாள் முடிந்ததும் குறிகளையும் மாற்றிவிடுவார்.

மகள் அஸ்பியா கடை மாடியில் உட்கார்ந்தபடி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் மேய்க்கும் கெர்னலில்தான் வேலை. கெர்னல் எப்போது எதைத் தொட்டது என்று வரிவரியாக எழுதும் பதிவுக்கு டிரேஸ் என்று பெயர். அதில் புதிதாக ஒரு வரி சேர்க்க அனுமதி கேட்டிருந்தாள். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ஜெர்மன்காரர் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். அன்று மாலை ஐந்துக்குள் அவர் ஏற்றுக்கொண்டால் வேலை நிரந்தரம் என்று மேலாளர் வளவன் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் என்ன என்பதைச் சொல்லவில்லை.

மதியம் மாடியில் சாப்பிட உட்கார்ந்த பாய், மகளின் முகத்தைப் பார்த்தார்.

“என்னம்மா, அந்த ஆளு இன்னும் எறங்கி வரலியா?”

“வர மாட்டேங்குறாரு அத்தா. மெமரியில ஒரு பொருள் எங்க இருக்குதுன்னு அதோட அட்ரஸை அப்படியே டிரேஸ்ல காட்டுறேன். காட்டாதேங்குறாரு.”

“ஏன், அவரு வூட்டு அட்ரஸா?”

“கெட்டவன் கையில கிடைச்சா நேரா அங்கயே போயி கை வெச்சிடுவானாம்.” திரையில் எஃப் எஃப் எஃப் எஃப் என்று தொடங்கும் நீள நீளமான எண்களைக் காட்டினாள். “இதுக்குப் பதிலா கலைச்சுப் போட்ட நம்பரைக் காட்டச் சொல்றாரு. ஒரு பொருளுக்கு எப்பவும் ஒரே நம்பர்தான் வரும், ஆனா அது எங்க இருக்குதுன்னு தெரியாது. மெஷினை அணைச்சுப் போட்டா அதுவும் மாறிடும்.”

“அப்ப நீ?”

“நிஜ அட்ரஸ் இருந்தா எனக்கு வேலை சுலபம். நான் ஏன் எறங்கணும்?”

“எனக்குப் பொறந்துட்டு, ஊருக்கெல்லாம் அட்ரஸ் எழுதிக் குடுக்குறியே” என்று பாய் தலையில் அடித்துக்கொண்டபோது போன் அடித்தது. சேத்தியாத்தோப்பு பாத்திரக்கடை பழமலைநாதன். சோற்றுக் கை, பாய் ஸ்பீக்கரில் போட்டார்.

“காலையில ஜாடி போட்டோ அனுப்புனீங்களே பாய், அருமை.”

“உங்களுக்குன்னே எடுத்தது.”

“அடியில ஊரு, தெரு, மேப்பு எல்லாம் வந்திருக்குது. எம் மச்சான் வூடு அந்தப் பக்கந்தான். ஞாயித்துக்கெழமை நானே நேராப் போயி பாத்துக்கறேன். உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்?”

போன மாதம் ஒரு மனையைப் படம் எடுப்பதற்காகப் போனில் ஏற்றிய கேமரா ஆப் அது. எடுக்கிற படத்தின் அடியில் இடத்தையும் அச்சடித்துவிடும். காலையில் ஜாடியைப் படம் எடுத்ததோ சூளை வாசலில். பார்க்கப் பெரிய கம்பெனி மாதிரி இருக்கிறதே என்று பாய் அதை அப்படியே விட்டிருந்தார்.

அஸ்பியாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. “ஜாடியைப் பாத்தீங்க, அடியில பாக்கலியா அத்தா?”

பாய் பாதிச் சோற்றில் எழுந்து கீழே போய்ச் சூளைக்காரர் திருமாலுக்குப் போன் போட்டார். “வரட்டும் பாய், அவரும் டீ குடிச்சிட்டுப் போகட்டும்” என்றார் திருமால். பாய்க்கு அந்த டீயின் அர்த்தம் தெரியும் என்பதால் கொஞ்சம் மூச்சு வந்தது.

மேலே அஸ்பியாவின் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒன்பது மணிக்குப் போன படம். ஒரு மணிக்கு மச்சான் வீடு வரை வழி கண்டுபிடித்தாயிற்று. பழமலைநாதன் நல்ல மனுஷர். கெட்டவனாக இருந்தால்? பேனா போட்டுவைத்திருந்த ஜாடியைத் தூக்கி அடியில் பார்த்தாள். மீன். அந்த மீனை வைத்துத்தானே அத்தா இத்தனை வருஷம் கடை நடத்துகிறார்?

பிடிவாதத்திலிருந்து இறங்கினாள். வரியைத் திருத்தி ஓட்டிப் பார்த்தாள். கலைத்த எண்கள் இப்போது பூஜ்யங்களில் தொடங்கின. ஒரு பொருள் உள்ளே போன வரியும் வெளியே வந்த வரியும் ஒரே எண்ணால் அழகாக ஜோடி சேர்ந்தன. ஜெர்மன்காரருக்குக் கடிதம் தயாரானபோது மணி நாலே கால்.

“என்ன எழுதுற?” பாய் பின்னால் நின்றிருந்தார்.

“திருத்திட்டேன்னு சொல்லி, டிரேஸ் எப்படி வருதுன்னு மாதிரிக்கு நாலு வரி.”

“அது மதியானம் பாத்த அதே நம்பரு மாதிரி இருக்குதே. எஃப்பு எஃப்பா.”

அஸ்பியா குனிந்து பார்த்தாள். நிரலை மாற்றியவள், கடிதத்தின் அடியில் இருந்த பழைய மாதிரியை மாற்றவில்லை. நிஜ முகவரிகள் வரிசையாகப் பல்லைக் காட்டின.

“ஜாடியைப் பாத்த, அடியில பாக்கலியா?” பாய் மூன்று மணி நேரமாக இதற்குத்தான் காத்திருந்தது போல நிதானமாகச் சொன்னார்.

அவள் புது வரிகளை ஒட்டி அனுப்பினாள். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பதில் வந்தது. ஏற்றுக்கொண்டேன், இரண்டு வாரம் அசையாத நீங்கள் இன்று எப்படி மனம் மாறினீர்கள் என்று ஜெர்மன்காரர் கேட்டிருந்தார்.

“என்ன சொல்லட்டும் அத்தா?”

பாய் மீன் ஜாடியை எடுத்து, மேஜையில் இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்தார்.

“ஜாடிக் கதைய எழுது, தப்பில்ல. சூளை பேரை மட்டும் எழுதிடாத.”