பனி விழுந்த கேசட்

ஏற்காடு பஸ் நிலையத்தில் ரேடியோ பழுது பார்க்கும் ஆறுமுகத்தை ஊரே கிறுக்கன் என்றது. பின்னே? பாட்டு வரும் நிலையத்தை விட்டுவிட்டு, இரண்டு நிலையங்களுக்கு நடுவில் வரும் இரைச்சலைக் கண்மூடிக் கேட்கிறவனை வேறு எப்படிச் சொல்வார்கள்? பின்லாந்திலிருந்து சுற்றிப் பார்க்க வந்த எய்லா மட்டும்தான் அதைச் சங்கீதம் என்றாள். அவளும் வயலினை வில்லின் மரப்பக்கத்தால் தேய்க்கிற ரகம்.

ஊர் திரும்பியவள் கேசட் அனுப்பத் தொடங்கினாள். அதை ஓடவிட்டு, தன் சத்தத்தையும் சேர்த்து வேறொன்றில் பதிந்து இவன் திருப்பி அனுப்புவான். ஆறு வருடம், பதினொரு கேசட். ஒவ்வொன்றும் அவள் குரலில் "ஏனுங்க" என்றுதான் தொடங்கும். கடைக்கு வருகிறவர்கள் கூப்பிடுவதைக் கேட்டு அவள் கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் அது.

தொண்ணூறாம் வருடம் டிசம்பரில் ஒரு கேசட் வந்தது. கூடக் கடிதம் இல்லை. போட்டுப் பார்த்தான். வாசலில் சேலம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. "ஏனுங்க" வரவில்லை, எதுவுமே வரவில்லை. இங்கே நல்ல கேசட் கிடைக்காதென்று முன்பும் இரண்டு முறை வெறும் கேசட் அனுப்பியிருக்கிறாள். மகராசி என்று வாழ்த்திவிட்டு, மாரமங்கலம் எஸ்டேட்டில் காப்பிப் பழத்துக்குத் தோலுரிக்கும் இயந்திரத்தின் கடகடப்பை அதிலேயே பதிந்தான். நாடா முடியக் கொஞ்சம் இருக்கும்போது அங்கே கரண்ட் போய், இயந்திரத்தோடு ரெக்கார்டரும் நின்றுவிட்டது. அவள் கேட்டால் துள்ளிக் குதிப்பாள் என்று இவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்து நாள் கழித்து, அதை அனுப்பும் முன்பே, அவள் கடிதம் வந்தது. ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். வில்லைப் பிடிக்கக் கையில் வலுவில்லை. நேற்று முதல் பனி விழுந்தது. ஜன்னலைத் திறந்து மைக்கை வைத்தேன். சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள், பனியும் என் மூச்சும் இருக்கும். பேசினால் பனி கலைந்துவிடும் என்று, கூப்பிடுவதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்."

கீழே அவள் தம்பி எழுதியிருந்தான். கேசட்டைத் தபாலில் சேர்த்த பிறகுதான் இந்தக் கடிதம் தலையணைக்கடியில் கிடைத்ததாம். அக்கா போன செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டாளாம்.

ஆறுமுகம் கேசட்டைப் போட்டான். கடகட, கடகட. சாகக் கிடந்த ஒருத்தியின் மூச்சைத் தன் கையாலேயே அழித்திருந்தான். அதிலும் பெருமைப்பட்டுக்கொண்டு அழித்திருந்தான். நாற்காலியில் உட்கார்ந்து அழுதான். நிறுத்த மனம் வராமல் ஓடவிட்டான்.

அரைமணி நேரம் முடியப்போகும்போது இயந்திரம் நின்றது. கரண்ட் போன இடம். அதற்கு மேல் இவன் கைபடாத நாடா. சட்டென்று பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டு வாசலுக்கு ஓடினான். சேலம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"ஏனுங்க, இஞ்சினைச் செத்த நேரம் நிறுத்துங்க."

டிரைவர் இவன் முகத்தைப் பார்த்தார். "என்னங்க ஆச்சு?"

"ஒருத்தங்க கூப்புடறாங்க. கேக்கமாட்டேங்குது."

பஸ் அடங்கியது. உள்ளே வந்து சத்தத்தை முழுதும் கூட்டினான். மெல்லிய இரைச்சல். அதற்கடியில் ஒரு மூச்சு, இழுத்து இழுத்து வந்தது. பிறகு எய்லா "ஏனுங்க" என்றாள்.

"சொல்லுங்க" என்றான் ஆறுமுகம்.

நாடா தீர்ந்து பொத்தான் மேலே எழும்பியது.