சந்தனம் வைத்த திருகு

அன்னூரிலிருந்து வந்த முதல் பஸ் அன்புக்கரசியைப் பீளமேட்டில் இறக்கிவிட்டுப் போனபோது வானம் சாம்பல் நிறத்தில் இருந்தது. பூட்டிக் கிடந்த மில்லின் சுவரோரமாக நடந்து, பாதி தூக்கியிருந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து ஸ்டுடியோவுக்குள் போனாள். உடனே அந்த நாற்றம் மூஞ்சியில் அடித்தது. ஏசி சொட்டிச் சொட்டி ஊறிப்போன தரைவிரிப்பு, அதன்மேல் முந்தின நாள் ஊதுபத்திச் சாம்பல், மூலையில் முதலாளி பான்பராக் துப்பும் டப்பா. வருசக்கணக்காக வருகிறாள், இன்னும் பழகவில்லை.

வைகாசி மாதம். மேசை மேல் கல்யாண வீடியோ கேசட்டுகள் குவிந்து கிடந்தன. யார் வீட்டுக் கல்யாணமானாலும் அவள் கண் வழியாகத்தான் போக வேண்டும். பந்தியில் வாயைத் திறந்து மெல்லுகிறவர்களை வெட்டியெறிந்து, தாலி கட்டுவதை மெதுவாக்கி, பெண் மாப்பிள்ளை தலைகளை ரோஜாப்பூவுக்குள் சொருகி, பொழுது சாயும்வரை அதே வேலை. நாயனமும் நெய் மினுங்கும் இலைகளும் பார்த்துப் பார்த்து, இப்போதெல்லாம் கல்யாணச் சாப்பாடு என்றாலே அவளுக்குக் குமட்டியது.

கம்ப்யூட்டரைப் போட்டாள். வேலையைத் தொடும் முன்னால், படம் எப்படி ஓட வேண்டும், எப்படித் தெரிய வேண்டும் என்கிற செட்டிங்கைத் திறந்து சரிபார்ப்பாள். முழுத் தரத்தில் ஓட வேண்டும் என்று வைத்திருந்தது. அப்படி வைத்தால் அந்தக் கிழட்டு மெஷினுக்கு மூச்சு வாங்கும். மேளக்காரர் ஓங்கின கை ஓங்கினபடியே நிற்க, சத்தம் மட்டும் முன்னால் ஓடிவிடும். பாதித் தரத்துக்கு இறக்கினாள். படம் கொஞ்சம் மசங்கும், ஆனால் தடைபடாமல் ஓடும், எங்கே வெட்டுவதென்று தெரியும். முதலாளி வந்ததும் இதைத் திரும்ப ஏற்றிவிடுவார். கல்யாண வீட்டுப் பார்ட்டி வந்து உட்காரும்போது படம் மசங்கலாக இருக்கக் கூடாதாம். ஏற்றிவிட்டு, "வேலை ஏனுங் கண்ணு இத்தனை லேட்டு?" என்று அவரே கேட்பார்.

முதலாளி பேர் திருமூர்த்தி. தோட்டம் விற்ற காசில் ஸ்டுடியோ வைத்தவர். வாயைத் திறந்தால் தேன். அந்தத் தேனில் ஒரு சொட்டுகூடப் படாதவர் சின்னான் ஒருவர்தான். மில் மூடியதும் கல்யாண வீடுகளில் லைட் பிடிக்க வந்த மனுசன். முதலாளிக்கு அப்பன் வயசு. அவருக்கு மட்டும் "டேய் சின்னா."

அறையில் திரை இரண்டு. அவள் முன்னால் இருந்த கம்ப்யூட்டர் திரையில் நிறத்தை நம்ப முடியாது. கண்ணைப் பிடுங்கும் மினுக்கல் வேறு. நிறம் பார்க்கத்தான் பெரிய டிவி. அதுவோ பார்ட்டி உட்காரும் சோபாவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வேலை செய்கிறவள் கழுத்தை ஒடித்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் கலர் திருகைப் போன ஆயுத பூஜையன்று திருமூர்த்தி கோடி வரைக்கும் திருகி, மேலே பிளாஸ்திரி ஒட்டி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்.

"லட்சுமி குடியிருக்கற எடமுங்க. ஆரும் கை வச்சரப்படாது."

கல்யாண வீட்டார் சோபாவில் உட்கார்ந்து, பட்டும் பூவும் தீயாய் எரிவதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அட்வான்ஸ் கைமாறும். அந்த டிவியை நம்பி நிறத்தைக் குறைத்தால் மற்ற வீட்டு டிவியில் படம் வெளுத்துத்தான் போகும் என்பது அங்கே வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். நிறப்பட்டைகள் வரிசையாக நிற்கும் கலர் பாரைப் போட்டு டிவியைச் சரிபண்ணிக்கொள்ளலாமே என்று அன்புக்கரசி கேட்டும் பார்த்தாள். "பூஜை போட்டதைப் பிரிச்சா ஆகாது கண்ணு" என்றுவிட்டார். அதனால் டிவியைப் பார்த்தும் பார்க்காமல், மனசுக்குள் ஒரு கணக்கு வைத்து வேலையை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அவிநாசிக் கல்யாணத்துக்கு அந்தக் கணக்கும் செல்லவில்லை. பெண்ணின் அப்பா பாலகோபாலைச் சோபாவில் உட்காரவைத்து முதலாளியும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "செவப்பு நெம்ப அடிக்குதுங், கொறைங்க. இன்னுங் கொஞ்சம்" என்றார் முதலாளி. "ஊட்டு டிவியில வெளுத்துருமுங்ணா." "நாஞ் சொல்றனல்ல கண்ணு." குறைத்தாள். ரூபனும் கீதாவும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ரூபன் இன்னொரு ஆபரேட்டர். மெஷின் ஒன்றுதான். அவள் எழுந்தால்தான் அவனுக்கு இடம். கீதா டைட்டில் போடுகிறவள். இந்த வைகாசிக் காலையில் எல்லோரும் வந்து சேர்ந்து, முதலாளி ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில், கேசட் வாங்கிப் போயிருந்த பாலகோபால் செருப்புக் காலோடு உள்ளே வந்தார். கேசட்டை மேசையில் விட்டெறிந்தார்.

"என்னப்பா திருமூர்த்தி, கல்யாணக் கேசட்டு குடுத்தியா, எழவுக் கேசட்டு குடுத்தியா?"

"ஏனுங் மாமா, என்னாச்சுங்? உக்காருங், காப்பி சொல்றேன்."

"காப்பியக் கொண்டுபோய்க் கொட்டு. சம்பந்தி ஊட்டுல ஒறம்பரையெல்லாம் கூட்டிவச்சுப் போட்டாங்க. எம்புள்ள மூஞ்சி சுண்ணாம்பாட்ட இருக்குது. அரக்குப் பட்டு, தரை தொடைக்கற துணியாட்ட. அவ மாமியாக்காரி சபையில கேக்கறா, புள்ளைக்குச் சீக்கு கீக்கு இருக்குதா, மறைச்சுக் கட்டிக் குடுத்துப்போட்டீங்களான்னு. எஞ் சம்சாரம் அழுதுட்டே வந்து சேந்துச்சு."

அந்தப் பெண்ணை நினைக்க அன்புக்கரசிக்கு மனசு சுருக்கென்றது. படத்தில் வாரக்கணக்காகப் பார்த்த முகம். தாலி கட்டும்போது அண்ணனைத் தேடித் திரும்பும்.

திருமூர்த்தியின் கண் டிவிப் பக்கம் போனது. குங்குமப் பொட்டில் ஒரு விநாடி நின்றது. அங்கிருந்து வழுக்கி அவள்மேல் வந்து விழுந்தது.

"அந்த அம்மணிக்குக் கண்ணுல கோளாறுங் மாமா. கலரு தெரியறதில்லீங். ஏழப்பட்ட புள்ள, பாவம்னு வச்சிருந்தேன்."

பாவம் என்ற அந்தச் சொல், துப்பல் டப்பாவிலிருந்து எடுத்து அவள் மடியில் போட்ட மாதிரி இருந்தது.

பாலகோபால் அவளை மேலும் கீழும் பார்த்தார். "எங்கிருந்துப்பா புடிச்சே? பட்டைக் கண்ணால கண்டிருந்தாத்தான கலரு தெரியும்."

"எங்கம்மா சிறுமுகையில பட்டு நூல் சுத்தறாங்க. அரக்கு எது, குங்குமக் கலரு எதுன்னு நடக்கப் பழகறதுக்கு முந்தியே எனக்குத் தெரியுமுங்க. கொறைன்னு சொன்னது ஆருன்னு உங்களுக்குந் தெரியும். இதே சோபாவுலதான் இருந்தீங்க."

"பாத்தீங்ளா மாமா, பேச்சை?" திருமூர்த்தி சிரித்தார். தேன் இன்னும் வற்றவில்லை. "ஏனுங் கண்ணு, நீங்க நாளைக்கு இருந்து வர வேண்டாமுங். ஊட்டுல இருந்து கண்ணப் பாத்துக்குங்க. மத்த ஸ்டுடியோக்காரங்களுக்கும் சொல்லிப்போடறேன், தெரியாம உங்களக் கூப்புட்டு அவுங்களும் சங்கடப்படக் கூடாதல்லங்?"

வேலை போனால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். கண் போனவள் என்கிற பேச்சு பீளமேட்டில் கிளம்பி காந்திபுரம் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும்? அதற்குப் பிறகு எந்த ஸ்டுடியோவில் அவளை உட்காரவைப்பார்கள்? இத்தனை வருசம் கழுத்தை ஒடித்துப் பழகிய தொழிலை ஒரே வாய்ச்சொல்லில் பிடுங்கிக்கொள்கிறான், அதுவும் 'ங்க' போட்டு.

"ரூபா, நீ உக்காரு. மாமா கேசட்ட மாத்திப் போடு. இனி இந்த எடம் உன்றதுதான்."

ரூபன் வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு அவள் நின்றாள். முதலாளியைவிட இவனைப் பார்த்துத்தான் அப்போது அதிகமாகக் குமட்டியது. நேற்று மதியம் அவள் தூக்குப்போசியில் கைவிட்டுத் தின்றவன்.

ரூபன் கல்யாணத்தைத் திறக்கவில்லை. கலர் பாரைத் திறந்தான். டிவியில் நிறப்பட்டைகள் வந்து நின்றன. சிவப்பு தன் கோட்டைத் தாண்டி, பக்கத்துப் பட்டைமேல் புண் உடைந்த மாதிரி வழிந்துகொண்டிருந்தது.

"அண்ணா, அந்தப் பிளாஸ்திரியப் பிரிச்சு, கலரைக் கொறைச்சு வைங்க. பொறவு பண்றேன்."

"அதுக்கும் இதுக்கும் என்னப்பா?"

"அடுத்த கேசட்டு வெளுத்தா ரூபனுக்குக் கண்ணு போச்சும்பீங்க. அதுக்கு அடுத்தது கீதாவுக்குப் போகும். நம்ம ஸ்டுடியோவுல எல்லாருக்கும் வரிசையாக் கண்ணு போகுதுங்ணா, டிவிக்கு மட்டும் ஒண்ணும் ஆகறதில்லை."

கீபோர்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். கீதாவும் எழுந்து வந்து அன்புக்கரசி பக்கத்தில் நின்றாள்.

"கீதா கண்ணு, நீங்களுமா? எங்க ஊட்டுப் புள்ளையாட்ட வச்சிருந்தனுங்ளே."

"ஊட்டுப் புள்ளைக்கு ஏனுங்ணா கக்கூசப் பூட்டி வச்சிருக்கீங்க? பார்ட்டி வந்தாத்தான் சாவி வருது. நானும் அக்காவும் தெனமும் பேக்கரிக்காரன்கிட்டப் போயி நிக்கறம்."

பாலகோபால் மூக்கைச் சுளித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். திருமூர்த்தியின் காதுமடல் சிவந்தது. வாசல் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"டேய் சின்னா! லைட்ட வண்டியில ஏத்துடா. மண்டபத்துக்கு நேரமாச்சு."

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சின்னான் உள்ளே வந்தார். லைட்டின் சூட்டில் பொசுங்கின பிடரி, கொப்புளம் காய்ந்து தோலுரிந்த கை. லைட்டிடம் போகவில்லை. நேராக டிவியிடம் போய்க் குனிந்து, பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. திருகை மெதுவாகத் திருகினார். "பாத்துச் சொல்லு அம்மணி" என்றார் அன்புக்கரசியிடம்.

"இன்னுங் கொஞ்சங்க. ம், போதுங்க."

சிவப்பு தன் கோட்டுக்குள் அடங்கி நின்றது.

"லட்சுமி எங்கயும் எந்திரிச்சுப் போயரல மொதலாளி. இங்கயேதான் இருக்குது, பாத்துக்குங்க" என்றார் சின்னான். "புள்ள நாளைக்கும் வரும். அதுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னு மத்த ஸ்டுடியோவுக்கு உங்க வாயாலயே சொல்லுங்க. திருகு இப்படியே இருக்கட்டும். கக்கூஸ் சாவி ஆணியில தொங்கட்டும். அதுவரைக்கும் லைட்டு இங்கயேதான் கெடக்கும்."

"உங்க சண்டையெல்லாம் எனக்கு எதுக்குப்பா? எனக்குக் கேசட்டு வேணும்" என்றார் பாலகோபால். அதைத் தாண்டி அவருக்கு ஒன்றும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

"எந்தக் கை வச்சுடா அதைத் தொட்டே?" திருமூர்த்தியின் குரல் கிழிந்தது. "வெளிய போங்கடா நாய்களா! நீயும் போடி! காந்திபுரத்துல சொன்னா உங்க எடத்துக்கு நாலு பேரு வந்து நிப்பானுக."

அன்புக்கரசிக்குச் சட்டென்று மூச்சு லேசானது. இத்தனை வருசம் அந்தத் தேனுக்குள் நெளிந்துகொண்டிருந்தது இன்றைக்குத்தான் மூடி திறந்து வெளியே வந்தது. கண்ணால் பார்த்தாயிற்று.

"வாரமுங்க" என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. ஸ்டுடியோப் படியிலேயே நால்வரும் உட்கார்ந்தார்கள். யாரும் உள்ளே போவதென்றால் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். ரூபன் அவளைப் பார்க்காமல், "நாற்காலிய இழுத்தப்போ என்னைய மனசுல வஞ்சிருப்பீங்க" என்றான்.

"வஞ்சேன். தின்ன சோத்தத் திரும்பக் கேக்கலாம்னும் நெனச்சேன்."

கீதா சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் முகம் வாடியது. "நெசமா நாலு பேர்த்தக் கூட்டியாந்துட்டா?"

"கூட்டியாரட்டும்" என்றார் சின்னான். "மில்லுலயும் இப்படித்தான் வெளியாளக் கூட்டியாந்தாங்க. நாங்க மில்லு கேட்டுகிட்ட நின்னு அவுங்ககிட்டப் பேச ஆளு வைக்கல. தனித்தனியா ஊட்டுக்குப் போயி உக்காந்துட்டோம், தோத்தோம். இங்க வர்றவனுக்கும் கண்ணு இருக்குதல்ல, அவனத் தாண்டவுடாம உக்காரவச்சுப் பேசலாம்."

பக்கத்துக் கட்டடத்து ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் தம்பிதுரை டீ வாங்கப் போகிறவன், தூக்குவாளியோடு நின்றான். "ஏனுங், எல்லாரும் வெயில்ல?"

ரூபன் சொன்னான். டிவியை, பிளாஸ்திரியை, கேசட்டை, அன்புக்கரசியின் கண்ணை. தம்பிதுரை கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான். கலர் பார் அப்படியே நின்றது. அதை எப்படி எடுப்பதென்று தெரியாமல் திருமூர்த்தி மௌசைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். மறு கையில் போன் ரிசீவர்.

"எங்க கடையில சந்தனமெல்லாம் வைக்கலீங்" என்றான் தம்பிதுரை மெல்ல. "எங்க மொதலாளி கலரை ஏத்திவச்சுட்டுத் திருகையே ஒடச்சுப்போட்டாரு."

அவன் தன் ஸ்டுடியோ வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். உள்ளேயிருந்து யாரோ டீக்காகக் கத்தினார்கள். தூக்குவாளியைக் கீழே வைத்தான்.

அன்புக்கரசி நகர்ந்து இடம் விட்டாள்.