இகுமெனிட்ஸாவில் இறங்காதவள்

அந்தக் குளிர்காலம் முழுக்க நீவெஸின் சமையலறை மேஜையில் தட்டு வைக்க இடமில்லை. கப்பல் பயண விளம்பரப் புத்தகங்கள் பரப்பிக் கிடந்தன. வெளியே போரா காற்று ஜன்னல் கதவைப் பிடித்து உலுக்கும். உள்ளே அவள் மத்தியதரைக் கடலை விரலால் அளந்துகொண்டிருப்பாள். இத்தாலியில் ட்ரியெஸ்தே துறைமுகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டே ஓய்வு பெற்றவள். தினமும் கப்பலைப் பார்த்திருக்கிறாள், ஒன்றில்கூட ஏறியதில்லை.

"கப்பலைப் பார்க்காதீங்க பெரியம்மா, எல்லாக் கப்பலும் ஒண்ணுதான். கட்டில், சாப்பாடு, பாட்டு. எந்தெந்த ஊர்ல நிக்குதுன்னு பாருங்க. சூட்சுமம் அதுலதான் இருக்கு," என்று சொல்லியிருந்தாள் எரிகா. நீவெஸின் தங்கை மகள். பயணச்சீட்டுக் கடையில் வேலை.

நீவெஸ் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஊர் நடுவிலேயே போய்க் கட்டும், எங்கே இறங்கி ஒரு மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். சாந்தோரினி அழகுதான், ஆனால் மேலே ஏற வரிசையில் நின்றே பாதி நாள் போய்விடும். கொத்தோர் வரும்போது விடியற்காலையிலேயே மேல்தளத்தில் நிற்கவேண்டும். மலைகளுக்கு நடுவே கப்பல் நுழைவதைப் பார்க்காவிட்டால் போனதே வீண். கத்தாகொலோவில் ஊர் என்று ஒன்றும் கிடையாது, பக்கத்தில் பழைய ஒலிம்பியா இருக்கிறது. துப்ரோவ்னிக் பற்றி மட்டும் அவள் வாதமே செய்வதில்லை. அது கட்டாயம் வேண்டும்.

புருஷன் லீவியோ எதிலும் தலையிடவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ட்ரியெஸ்தேயிலிருந்து கிரேக்க நாட்டுக்குச் சரக்கு லாரி ஓட்டியவன். லாரியோடு படகுக் கப்பலில் ஏறி, அக்கரையில் இறங்கி, மலைப்பாதையில் போய்த் திரும்புகிற பிழைப்பு. "உனக்குப் பிடிச்சதைப் போடு, எனக்கு எதுவும் சரி," என்பான். கல்யாணம் ஆன நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பதில்தான்.

கடைசியில் இரண்டு மார்க்கங்கள் மிஞ்சின. அன்று சாயங்காலம் லீவியோ சூப் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டாவது மார்க்கத்தில் ஓர் ஊர்ப்பெயர் மேல் விரலை ஊன்றினான்.

"இது."

"இகுமெனிட்ஸாவா?" நீவெஸ் சிரித்தே விட்டாள். "லாரி ஏத்தி இறக்குற இடம்! டீசல் நாத்தமும் தெருநாயும்தான் அங்கன்னு நீயே சொல்லியிருக்க."

"இருக்கட்டும்."

"இதுல துப்ரோவ்னிக் கிடையாது லீவியோ."

"விடு."

"பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு?"

"ஒரு ஊர்தானே கேட்டேன். இத்தனை வருஷத்துல வேற என்ன கேட்டேன் உன்கிட்ட?"

இந்த மனுஷனுக்கு ஆசை என்று ஒன்று இருக்கிறதா! இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தவள், மூன்றாம் நாள் அதையே பெருமையாகச் சந்தையில் சொல்லிக்கொண்டிருந்தாள். எரிகாதான் தலையில் அடித்துக்கொண்டாள். "காசு கொடுத்து இகுமெனிட்ஸா பார்க்கப் போற முதல் ஆள் பெரியப்பாதான்!"

மே மாதம் கப்பலேறினார்கள். சின்னக் கப்பல். ஸாதர் போனார்கள், கொத்தோர் போனார்கள். எங்கே இறங்கினாலும் லீவியோ அவள் முழங்கையைப் பிடித்தபடியே நடந்தான். சாப்பாட்டு மேஜையில் கூட உட்காரும் கிராட்ஸியெல்லா, ஊதினே ஊர்க்காரி, புருஷனை இழந்தவள், வாய்த்துடுக்கு அதிகம். "புது மாப்பிள்ளை தோத்தான் போ! இப்படி ஒட்டிக்கிட்டே திரியுறாரே, விட்டா நீ ஓடிப்போயிருவியா?" என்று அவள் கேலி செய்ய, நீவெஸுக்கு இந்த வயதில் முகம் சிவந்தது. அறை எந்தத் தளம் என்று லீவியோ திரும்பத் திரும்பக் கேட்டான். கப்பல் என்றால் அப்படித்தான், எல்லா நடையும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இகுமெனிட்ஸாவில் இறங்கும் நாள் காலையில் அவன் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டான். "வா, காட்டுறேன். படகுத்துறைக்கு நேர் எதிர்ல ஒரு சாப்பாட்டுக் கடை. அடுப்புல வெச்சு மொச்சைக்கொட்டை ஒண்ணு செய்வான் பாரு, தக்காளி போட்டு..."

நீவெஸ் ஏற்கெனவே கிராட்ஸியெல்லாவோடு பார்கா என்ற கடலோரக் கிராமத்துக்குப் போகும் பஸ்ஸுக்குப் பெயர் கொடுத்திருந்தாள்.

"இருபது வருஷம் நீ தின்ன கடையில நான் வந்து என்ன பார்க்கணும்? டீசலை மோந்து பார்க்கவா கப்பலேறி வந்தேன்? நீ போய் ஆசை தீர உட்கார்ந்துட்டு வா. உன் லாரிக்காரக் கூட்டாளி எவனாவது இருப்பான்."

அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். பிறகு, "சரி. இந்த ஊர் எனக்குத் தெரியும்," என்றான்.

"தெரியாதுன்னு யார் சொன்னா?" என்று சிரித்துவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

திரும்பி வந்தபோது அறையில் அவன் இல்லை. அவன் கைபேசி மட்டும் மேஜையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. வருவான் என்று குளித்தாள், உடை மாற்றினாள். ஒலிபெருக்கியில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். லீவியோ ஃபுர்லான், உடனே வரவும். மறுபடி கூப்பிட்டார்கள். மேல்தளத்துக்கு ஓடினாள். கீழே பைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு தம்பதி மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். மேலே நின்றவர்கள் கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள். அவர்களுக்குப் பின்னால் துறை காலியாகக் கிடந்தது.

திட்ஸியானா என்ற பாதுகாப்பு அதிகாரி வந்தாள். நீவெஸுக்கு மகளாக இருக்கக்கூடிய வயது. "சின்யோரா, உங்க அறைக்குப் போகணும். அவர் வராம கப்பல் கிளம்பிட்டா, அவர் பாஸ்போர்ட்டை இங்க இருக்குற ஏஜென்ட்கிட்ட கொடுத்துட்டுப் போவோம். அதை வாங்கிட்டு அடுத்த ஊர்ல வந்து சேர்ந்துக்கலாம். பாதுகாப்புப் பெட்டியைத் திறங்க."

நீவெஸ் திறந்தாள். உள்ளே ஒரு பாஸ்போர்ட்தான் இருந்தது. எடுத்துப் பிரித்தாள். அவளுடையது.

கையை உள்ளே விட்டு மூலை முடுக்கெல்லாம் தடவினாள். உள்ளங்கை அளவுப் பெட்டி, அதற்குள் எங்கே ஒளியும்?

"கையோட எடுத்துட்டுப் போயிருக்கார் போல," என்றாள் திட்ஸியானா மெதுவாக.

"கப்பல் அட்டை இருந்தா போதும், பாஸ்போர்ட் வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா," என்றாள் அந்தப் பெண். இந்த மாதிரி ஒற்றைப் பாஸ்போர்ட் கிடக்கும் பெட்டியை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

வாசலில் நின்ற கிராட்ஸியெல்லா நாக்கைக் கட்டுப்படுத்த முடியாமல், "போனை வெச்சுட்டு, பாஸ்போர்ட்டை எடுத்துட்டு..." என்று இழுத்தாள்.

நீவெஸ் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தாள். யாரும் பார்க்க விரும்பாத ஒரு துறைமுகம். இஸ்திரி போட்ட சட்டை. இருபது வருஷம் போய்வந்த பாதை. இந்த ஊர் எனக்குத் தெரியும். அடப்பாவி! இங்கே ஒருத்தி இருக்கிறாள். பிள்ளைகள்கூட இருக்கலாம். துப்ரோவ்னிக்கை விட்டுக்கொடுத்து, அவனை அவன் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கியவள் தானேதான்.

"சின்யோரா, நீங்களும் இறங்கறதா இருந்தா இப்பவே சொல்லணும். ஏணியை எடுக்கப் போறாங்க. பெட்டி கட்ட ஆள் அனுப்பறேன்."

"கிளம்பட்டும்."

"நல்லா யோசிச்சு..."

"அவன் யோசிச்சுத்தானே போயிருக்கான்? எனக்கு என்ன யோசனை! கிளம்பச் சொல்லுங்க."

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் மாற்றிச் சொல்லவில்லை. வடங்களை அவிழ்த்தார்கள். துறைக்கும் கப்பலுக்கும் நடுவே தண்ணீர் அகன்றது.

மறுநாள் காலை கப்பல் கத்தாகொலோவில் நின்றது. எல்லோரும் ஒலிம்பியா பார்க்கக் கிளம்பிப் போய்விட்டார்கள். நீவெஸ் ஆறிப்போன காபியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திட்ஸியானா தொலைபேசியோடு வந்தாள். "இகுமெனிட்ஸாவிலேருந்து. எங்க ஏஜென்ட் ஸ்தவ்ரூலா."

மறுமுனையில் ஒரு பெண், உடைந்த இத்தாலிய மொழியில் பேசினாள். "உங்க வீட்டுக்காரர் கிடைச்சுட்டார். உயிரோடதான் இருக்கார், பயப்படாதீங்க."

"அவன் எங்க தொலைஞ்சான்? யார் வீட்டுல இருக்கான், அதைச் சொல்லுங்க."

"வீடா? நெடுஞ்சாலை ஓரத்துல ஒரு பஸ் நிறுத்தத்துல உட்கார்ந்திருந்தாரும்மா. ஊரை விட்டு ரொம்ப தூரம். ஆடு மேய்க்கிறவர் பார்த்து போலீசுக்குச் சொன்னார். கால் ரெண்டும் கொப்புளம். ராத்திரி பூரா அங்கயே இருந்திருக்கார். பாஸ்போர்ட்டை விரிச்சுக் கையில வெச்சுக்கிட்டு, யார் எது கேட்டாலும் அதைத்தான் காட்டறார்." கொஞ்சம் தயங்கினாள். "மறதி நோய்க்கு அவர் என்ன மருந்து சாப்பிடறார்? டாக்டர் கேக்கறார்."

"அவனுக்கு அப்படி ஒண்ணும் கிடையாதே," என்றாள் நீவெஸ்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே தன் முழங்கையில் அவன் விரல்களின் அழுத்தத்தை உணர்ந்தாள். மாப்பிள்ளைப் பிடி இல்லை அது. கூட்டத்தில் கைநழுவிவிடுவோம் என்று பயப்படுகிறவனின் பிடி. தொலைபேசியைத் திட்ஸியானாவிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். பாத்ராஸ் வரை வாடகைக் கார், அங்கிருந்து வடக்கே பஸ். பாலம் வந்தது, கடல் வந்தது, மலை வந்தது. எதுவும் அவள் கண்ணில் பதியவில்லை. பொழுது சாய்வதற்குள் இகுமெனிட்ஸா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டாள். ஸ்தவ்ரூலா வாசலிலேயே காத்திருந்து உள்ளே கூட்டிப்போனாள்.

காலில் கட்டுகளோடு கட்டிலில் சாய்ந்திருந்த லீவியோ அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். "கப்பல் போயிருச்சா?"

"போயிருச்சு."

"பார்த்தியா! காலையிலேருந்து இவங்ககிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்றேன். என் பெண்டாட்டி இங்கதான் இருப்பா, கப்பலை விட்டு இறங்கியிருப்பா, தெருத் தெருவாத் தேடிக்கிட்டிருப்பான்னு. எங்கெல்லாம் அலைஞ்ச?"

ஸ்தவ்ரூலா தரையைப் பார்த்தாள். நீவெஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பாஸ்போர்ட்டை ஏன் எடுத்துட்டுப் போன?"

"பேர் அதுலதானே இருக்கு. மறந்துபோனா எடுத்துப் பார்த்துக்கலாமேன்னு."

ஊர் நிலவரம் சொல்வதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னான்.

"எப்பலேருந்து இப்படி?"

"போன வருஷமே. நம்ம ஊர் பார்கோலா கடற்கரைக்கு நடக்கப் போனேன், திரும்பி வர வழி தெரியல. பஸ்காரன் ஒருத்தன்தான் கொண்டுவந்து விட்டான். உன்கிட்ட சொன்னா பயந்துருவ."

"இகுமெனிட்ஸா எதுக்குடா கேட்ட? துப்ரோவ்னிக்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்திருக்கலாமே!" வாழ்க்கையில் முதல் தடவையாக அவனை 'டா' போட்டாள்.

"அதுக்குத்தான். எல்லா ஊர்லயும் உன் கையைப் பிடிச்சுக்கிட்டே நடந்தா எப்படி? இந்த ஒரு ஊர்லயாவது நான் முன்னாடி நடக்க, நீ பின்னாடி வருவன்னு நெனைச்சேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேனே இங்க." கட்டுப் போட்ட கால்களைப் பார்த்துக்கொண்டான். "துறைமுகத்தையே தூக்கி வேற இடத்துல வெச்சிருக்கான். கடையைக் காணோம். தேடிக்கிட்டே போனேன். அப்புறம் எதைத் தேடறேன்னு மறந்துபோச்சு."

அவள் அவன் கையைப் பிடித்தாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவளால் முடியவில்லை.

"நான் இறங்கல லீவியோ. கப்பல்லயே போயிட்டேன். உனக்கு இங்க ஒருத்தி இருக்கான்னு நெனைச்சேன்."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "போயிட்டியா?" என்றான். சின்னக் குரலில். "என்னை விட்டுட்டா?"

"போயிட்டேன். இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சு ஓடி வந்தேன்."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் லாரிக்காரர்கள் போகும் படகுக் கப்பலில் ஊர் திரும்ப இடம் கிடைத்தது. ஸ்தவ்ரூலா வழியனுப்ப வந்திருந்தாள். லீவியோ நன்றாகத் தூங்கி எழுந்து தெளிவாக இருந்தான். ஸ்தவ்ரூலாவின் கையைக் குலுக்கிவிட்டு நீவெஸைக் காட்டினான். "நான் சொன்னேன்ல? எனக்காகக் கப்பலையே விட்டுட்டு இறங்கிட்டா பாருங்க!"

முந்தின நாள் நீவெஸ் சொன்னது எதுவும் அவன் நினைவில் இல்லை.

ட்ரியெஸ்தே டாக்டர் சோதித்துப் பார்த்து நோய்க்குப் பெயர் சொன்னார்; இனி மெதுவாக இறங்குமுகம்தான் என்றார். மருந்தைவிட, பழகின ஆளும் பழகின தெருவும்தான் துணை என்றார். இப்போதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்தேதான் வெளியே போகிறார்கள். நீவெஸ் ஒரு பக்கம் முழங்கையை நீட்டிக்கொள்கிறாள், அவன் பிடித்துக்கொள்கிறான்.

போகிற இடமெல்லாம் அவன் அந்தக் கதையைத்தான் சொல்கிறான். காபிக் கடையில், எரிகா வீட்டில், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற அந்நியரிடம்கூட. "என் பெண்டாட்டி கப்பலையே விட்டுட்டு இறங்கிட்டா, தெரியுமா?" கேட்கிறவர்கள் அவளைப் பார்த்து நெகிழ்ந்து தலையாட்டுகிறார்கள்.

ஊர் வந்த புதிதில் இரண்டு தடவை அவனைத் திருத்தினாள். இல்லை லீவியோ, நான் இறங்கவில்லை, போய்விட்டேன் என்று உண்மையைச் சொன்னாள். இரண்டு தடவையும் அவன் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பதுபோல அதிர்ந்தான். "என்னை விட்டுட்டா?" என்று அதே சின்னக் குரலில் கேட்டான். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்கும் தெம்பு அவளுக்கு இல்லை.